என் மகளின் இரண்டு விடைகளும் சரி: வினாடி வினாக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் தமிழ்ச் சங்கத்தின் வினாடி வினாக் குழுவினருக்கு வணக்கம்.

சென்ற சனிக்கிழமை சிறுவர் போட்டியின் இறுதிச் சுற்றில் நடந்ததை உங்களுக்கு நான் விவரிக்கத் தேவையில்லை. ஆட்சேபம் சொல்ல எழுந்த என்னை உட்காரச் சொன்னவர்கள் நீங்கள்தான். மேடைக்கு மரியாதை கொடுத்து உட்கார்ந்தேன். அன்று சொல்ல முடியாததை இப்போது எழுதுகிறேன்: பேஸ்பால் பகுதியில் என் மகள் சொன்ன இரண்டு விடைகளும் சரி. அதை நீங்கள் அவளிடம் சொல்ல வேண்டும்.

அமெரிக்காவின் முதன்மைத் தொழில்முறை பேஸ்பால் போட்டியான மேஜர் லீக்கில் ஆடிய வீரர்களின் பெயர்களை ஆங்கில அகரவரிசையில் அடுக்கினால் முதலில் வருபவர் யார் என்று கேட்டீர்கள். உங்கள் விடைத்தாளில் ஹாங்க் ஆரன்; என் மகள் சொன்னது டேவிட் ஆர்ட்ஸ்மா. அவர் ஆட வந்த 1954 முதல் ஐம்பது ஆண்டுகள் அதுதான் சரியான விடை. 2004 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் அணிக்குப் பந்து வீச வந்த டேவிட் ஆர்ட்ஸ்மா அந்த இடத்தைப் பிடித்துவிட்டார். ஏ, ஏ, ஆர் வரை இரண்டு பெயர்களும் ஒன்று; நான்காம் எழுத்தில் 'டி' முந்திக்கொள்கிறது. 755 ஹோம் ரன் (பெரும்பாலும் பந்தை மைதான எல்லைக்கு வெளியே அனுப்பும் அடி) அடித்த மாபெரும் வீரரை ஒரே ஓர் எழுத்து கீழே இறக்கிய இந்தச் செய்தியைச் சொல்ல அவள் எத்தனை நாள் காத்திருந்தாள்! "அப்படி ஒரு பெயரே கிடையாது" என்று ஒலிபெருக்கியில் அறிவித்தீர்கள். அரங்கம் சிரித்தது.

அடுத்த கேள்வி, உலகத் தொழில்முறை பேஸ்பாலில் மிக அதிக ஹோம் ரன் அடித்தவர் யார் என்பது. சடஹாரு ஓ என்றாள். ஜப்பானின் யோமியூரி ஜயன்ட்ஸ் அணிக்காக 1959 முதல் 1980 வரை ஆடி 868 அடித்தவர் அவர். நீங்கள் எதிர்பார்த்த பாரி பாண்ட்ஸின் 762, மேஜர் லீக் சாதனை. கேள்வியில் 'மேஜர் லீக்' என்று இருந்திருந்தால் நான் எழுந்தே இருக்க மாட்டேன். 'உலக' என்று கேட்டுவிட்டு "ஜப்பான் கணக்கில் வராது" என்றால் எப்படி? ஜப்பானிய மைதானங்கள் சிறியவை, இரண்டு நாட்டுப் பந்துவீச்சும் ஒன்றல்ல என்று வாதாடலாம். பெரியவர்கள் பல ஆண்டுகளாக வாதாடுகிறார்கள். நீங்கள் கேட்டது அதுவா? ஹாங்க் ஆரனே 1974இல் டோக்கியோவுக்குப் போய் ஓவுடன் ஹோம் ரன் போட்டியில் மோதினார். பத்துக்கு ஒன்பது என்றுதான் வெல்ல முடிந்தது. ஆரன் மதித்த ஒருவர் நம் கணக்கில் வரமாட்டாரா?

வீட்டுக்கு வந்ததும் அவள் தன் நோட்டை எடுத்தாள். வீரர்களின் பெயர்களும் எண்களும் இரண்டு வருடமாகச் சேர்த்த நோட்டு அது. மேஜர் லீக்கின் இறுதிப் போட்டியான 'உலகத் தொடரில்' 1911இல் அடித்த இரண்டு ஹோம் ரன்களால் 'ஹோம் ரன் பேக்கர்' என்று பெயர் பெற்ற பிராங்க் பேக்கர், ஒரு பருவத்தில்கூடப் பன்னிரண்டுக்கு மேல் அடித்ததில்லை என்று அதில் எழுதியிருப்பாள். எனக்குக் காட்டிச் சிரித்திருக்கிறாள். அன்று 868 என்ற எண்ணை ரப்பரால் அழித்தாள். தாள் கிழியும் வரை அழித்தாள். "அப்பா, அங்கே அடித்தால் ஹோம் ரன் இல்லையா?" என்று கேட்டாள்.

ஓவின் தந்தை சீனர். ஓ டோக்கியோவில் பிறந்தவர். ஆனாலும் ஜப்பானியக் குடியுரிமை இல்லை என்று, பள்ளி நாட்களில் தேசிய விளையாட்டு விழாவில் ஆட விடவில்லை. குடியேறியவர்களின் மகளுக்கு அவரை ஏன் இவ்வளவு பிடிக்கும் என்று நான் உங்களுக்கா விளக்க வேண்டும்? இங்குள்ள பள்ளிகளில் நம் பிள்ளைகளின் பெயர்களைக் கேட்டு யாராவது சிரித்தால் நமக்குக் கொதிக்கிறது. அதே நாம் கூடியிருந்த அரங்கில், கேள்விப்படாத ஒரு பெயரைச் சொன்ன பன்னிரண்டு வயதுப் பெண்ணைப் பார்த்துச் சிரித்தோம். ஒரு விடைத்தாளைச் சரிபார்க்காமல் மேடையேறுவது குழந்தைகளின் உழைப்பை மதிக்காத செயல். இதைச் சொல்ல நான் தயங்கவில்லை.

கோபத்தில் வார்த்தை கூடியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மாலை நேரங்களை எங்கள் பிள்ளைகளுக்காகச் செலவிடுகிறீர்கள் என்பதை மறக்கவில்லை. கோப்பை வென்ற சிறுவனிடமே இருக்கட்டும். அவனும் நன்றாகவே ஆடினான். நான் கேட்பது ஒன்றுதான். "உன் இரண்டு விடைகளும் சரி" என்று குழுவின் பெயரில் அவளுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். அந்த நோட்டில், கிழிந்த இடத்தில் ஒட்டிவைக்கிறேன்.

பணிவுடன்,
அந்தச் சிறுமியின் தந்தை