திரையில் ஓர் அரக்கு, அச்சில் ஓர் அரக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புகைப்படத் திருத்தத்துக்கு ஏற்ற கணினியைத் தேர்ந்தெடுப்பது குறித்துத் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளியான கட்டுரையைப் படித்தேன். செயலி, நினைவகம், கிராஃபிக்ஸ் கார்டு ஆகியவற்றைப் பொறுமையாக விளக்கிய அக்கட்டுரை, மானிட்டரைப் பற்றி மட்டும் அது பெரியதாகவும் கூர்மையாகவும் இருந்தால் போதும் என்ற அளவில் முடித்துக்கொண்டது. படத்தொழிலில் இருப்பவர்களுக்கு அதிக நட்டத்தை உண்டாக்குவது இந்த இடம்தான் என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

கும்பகோணத்தில் பல ஆண்டுகளாகத் திருமண ஆல்பம் வடிவமைத்து வருகிறேன். ஆல்பத்தைப் புரட்டும் குடும்பத்தார் முதலில் பார்ப்பது முகத்தை, அடுத்துப் பார்ப்பது புடவையை. ஒருமுறை 40 ஷீட் கொண்ட ஆல்பம் அச்சாகி வந்தபோது, முகூர்த்தப் புடவையின் அரக்கு நிறம் கறுத்துப் பழுப்பேறிக் கிடந்தது. மணப்பெண்ணின் தாயார் அந்தப் புடவையையே எடுத்துவந்து ஆல்பத்தின் பக்கத்தில் விரித்துக் காட்டினார். அச்சிட்ட லேபின் மீதுதான் முதலில் கோபப்பட்டேன். ஆனால் அங்கே அதே கோப்பைத் தங்கள் திரையில் திறந்து காட்டியபோது, அச்சில் இருந்தபடியேதான் அது தெரிந்தது. பிழை என் மானிட்டரில் இருந்தது. கடையிலிருந்து வந்த நிலையிலேயே, ஏறத்தாழ 300 நிட் (திரை வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சத்திலும் நீலம் தூக்கலான வெண்மையிலும் அதை வைத்திருந்தேன். வெளிச்சம் மிகுந்த திரையில் படங்கள் வெளுத்துத் தெரிந்ததால் இருட்டாக்கினேன். திரையின் நீலத்தை ஈடுசெய்ய மஞ்சளைக் கூட்டினேன். இரண்டும் சேர்ந்து அரக்கைப் பழுப்பாக்கிவிட்டன. ஆல்பம் முழுவதையும் என் செலவில் மறுபடி அச்சிட்டுக் கொடுத்தேன்.

மானிட்டர் வாங்கும்போது முதலில் கேட்க வேண்டியது பேனலின், அதாவது படத்தைக் காட்டும் திரைத்தகட்டின், வகை. டிஎன் பேனலில் ஒரே நிறம் திரையின் மேல்பகுதியில் ஒருவிதமாகவும் கீழ்ப்பகுதியில் வேறுவிதமாகவும் தெரியும். விஏ பேனலில் சற்றே பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் கருமையான சாயல்கள் வெளுக்கும். கோணம் மாறினாலும் நிறம் பெரிதாக மாறாத ஐபிஎஸ் பேனலே நம் வேலைக்கு உரியது. அடுத்து, அந்தத் திரை காட்டக்கூடிய நிறங்களின் எல்லை. 1996ஆம் ஆண்டு எச்பி, மைக்ரோசாஃப்ட் நிறுவனங்கள் இணைந்து வகுத்த எஸ்ஆர்ஜிபி என்ற நிறவெளியைத்தான், அதாவது வரையறுத்த நிறத்தொகுப்பைத்தான், இணையமும் பெரும்பாலான அச்சு லேப்களும் இன்றுவரை அடிப்படையாகக் கொள்கின்றன. அதில் 99 அல்லது 100 சதவீதத்தை உள்ளடக்கும் மானிட்டரே தொழிலுக்குப் போதுமானது. விலை குறைந்த பல மடிக்கணினிகளின் விவரக்குறிப்பில், பழைய தொலைக்காட்சித் தரமான என்டிஎஸ்சியின் அளவில் 45 சதவீதம் என்று அச்சிட்டிருப்பார்கள். அது எஸ்ஆர்ஜிபி அளவில் ஏறத்தாழ 60 முதல் 65 சதவீதம்தான் என்பதை வாங்குபவரிடம் யாரும் சொல்வதில்லை. அத்தகைய திரையில் குங்குமச் சிவப்பும் கிளிப்பச்சையும் மங்கியே தெரியும். மங்கித் தெரிவதால் நாம் நிறத்தைக் கூட்டுவோம். அச்சில் அது கண்ணைப் பறிக்கும். ஓரளவு விவரம் தெரிந்தவர்கள் என்டிஎஸ்சி 72 சதவீதம் என்ற குறிப்பைத் தேடுவார்கள். அது எஸ்ஆர்ஜிபியின் பரப்புக்கு நிகரானதே தவிர, அந்த நிறங்கள் அனைத்தும் அதில் அடங்கும் என்பதற்கு உறுதி அன்று. எனவே எஸ்ஆர்ஜிபி என்ற பெயரோடு சதவீதம் தரப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பதே பாதுகாப்பானது.

அடோபி ஆர்ஜிபி முழுவதையும் காட்டும் மானிட்டருக்காகக் கூடுதலாகச் செலவிடலாமா என்று இளைஞர்கள் என்னிடம் கேட்கிறார்கள். 1998ஆம் ஆண்டு வெளியான அந்த நிறவெளி பச்சையிலும் நீலப்பச்சையிலும் எஸ்ஆர்ஜிபியைவிட அகலமானது. மயில்கழுத்து நிறப் பட்டுப்புடவையை நல்ல இங்க்ஜெட் அச்சில் கொண்டுவர விரும்புபவருக்கு அது உண்மையிலேயே பயன்படும். ஆனால் எஸ்ஆர்ஜிபி கோப்பை லேபுக்கு அனுப்பி, மீதியை வாட்ஸ்அப்பில் வாடிக்கையாளருக்கு அனுப்பும் நம்மில் பெரும்பாலோருக்கு அது தேவையில்லை என்பதே என் கருத்து. திரைக்கேற்ப நிறத்தைச் சரிசெய்யும் நிற மேலாண்மை இல்லாத மென்பொருள்களில் அத்தகைய திரை மனிதத் தோலை அளவுக்கு மீறிச் சிவப்பாகக் காட்டும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

சில மானிட்டர்களின் பெட்டிக்குள் தொழிற்சாலையில் அளந்த அறிக்கை ஒன்று இருக்கும். அதில் டெல்டா ஈ என்ற எண் சராசரியாக 2க்குக் கீழே இருந்தால், காட்ட வேண்டிய நிறத்துக்கும் காட்டும் நிறத்துக்கும் உள்ள வேறுபாடு கண்ணுக்கு அநேகமாகத் தெரியாது. ஆனால் நாளாக ஆகப் பின்விளக்கு மாறுவதால் அந்த அறிக்கை என்றென்றைக்கும் செல்லாது. திரையின் மீது வைத்து அளக்கும் கேலிப்ரேட்டர் கருவிதான் இதற்கு வழி. டேட்டாகலர், கேலிப்ரைட் ஆகிய நிறுவனங்கள் இக்கருவிகளைத் தயாரிக்கின்றன. கருவியோடு சேர்த்துப் பயன்படுத்தும் டிஸ்ப்ளேகேல் என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. வெண்மை 6500 கெல்வின், காமா (இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் இடைப்பட்ட சாயல்களைத் தீர்மானிக்கும் எண்) 2.2, வெளிச்சம் 100 நிட் அளவு என்று குறித்துக்கொடுத்தால், அளந்து, அத்திரை நிறங்களைக் காட்டும் விதத்தைக் கணினிக்குச் சொல்லும் ஐசிசி கோப்பை அதுவே உருவாக்கும். என்னைப் பொறுத்தவரை, 27 அங்குல 4கே திரையை அளக்காமல் பயன்படுத்துபவரைவிட, 24 அங்குலச் சாதாரண ஐபிஎஸ் திரையை அளந்து பயன்படுத்துபவரே நிறத்தைச் சரியாகக் காண்கிறார்.

கருவியின் விலை ஒரு சிறிய ஸ்டுடியோவுக்குச் சுமைதான். எனினும் ஒரு திரையை அளக்க மாதத்துக்கு ஒருமுறை அரை மணி நேரமே தேவைப்படுவதால், ஒரே கருவியை ஊரிலுள்ள அனைவரும் பகிர்ந்துகொள்ளலாம். வட்டந்தோறும் இயங்கும் புகைப்படக் கலைஞர்கள் சங்கங்கள் ஆளுக்கொரு தொகை வசூலித்து ஒரு கருவி வாங்கி, முறைவைத்து உறுப்பினர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். கருவியை வாங்கிச் செல்பவர்கள், அளப்பதற்கு அரை மணி நேரம் முன்பே மானிட்டரை இயக்கிவைத்து, திரையை மஞ்சளாக்கும் விண்டோஸின் நைட் லைட்டையும், வெளிச்சத்தைத் தானாக மாற்றும் மானிட்டரின் டைனமிக் கான்ட்ராஸ்டையும் அணைத்துவிட வேண்டும். திரைக்குப் பின்னாலுள்ள சுவர் ரோஸ் நிறத்திலோ நீலத்திலோ இருந்தால் அதற்குச் சாம்பல் நிறம் அடித்துவிடுவது நல்லது; என் கடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் அந்த வேலை முடிந்தது.

இப்படிக்கு,
ஆல்பம் வடிவமைப்பாளர்,
கும்பகோணம்.