ஜாமீன் கையெழுத்து மட்டும் பள்ளிக்கூடம் கட்டாது

ஆசிரியருக்கு வணக்கம்.

டெக்சாஸில் பள்ளிக் கட்டடங்களுக்கான பாண்டுகளுக்கு (கடன் பத்திரங்களுக்கு) மாநிலமே உத்தரவாதம் கொடுக்கிறதே, அப்புறம் எதற்கு நம் வீட்டு வரியில் கை வைக்கிறார்கள் என்று போன இதழில் ஒரு வாசகர் கேட்டிருந்தார். எங்கள் டல்லாஸ் பக்கத்துத் தமிழ் வாட்ஸப் குழுக்களிலும் பாண்டு தேர்தல், அதாவது அந்தக் கடனை வாங்கலாமா என்று ஊரார் ஓட்டுப் போடும் தேர்தல், வந்தாலே இந்தக் கேள்வி வந்துவிடும். கேட்பதில் தப்பில்லை. ஆனால் உத்தரவாதம் கொடுப்பது வேறு, பணம் கொடுப்பது வேறு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டால் மாநில அரசிடம் கேட்க வேண்டியதை நாம் கேட்கவே மாட்டோம்.

கடன் வாங்குவது நம் ஊர்ப் பள்ளிகளை நடத்தும் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட். திருப்பிக் கட்டுவது நாம், பிராப்பர்ட்டி டாக்ஸில் கடனை அடைப்பதற்கென்றே ஐ அண்ட் எஸ் என்று தனியாக வருகிறதே, அந்த வரியில். மாநிலத்தின் நிரந்தரப் பள்ளி நிதி இந்தக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போடுகிறது, அவ்வளவுதான். டிஸ்ட்ரிக்ட் ஒரு தவணை கட்ட முடியாமல் நின்றுபோனால் நிதி எடுத்துக் கொடுக்கும், அப்புறம் அந்த டிஸ்ட்ரிக்டுக்கு வர வேண்டிய மாநில மானியத்தில் வட்டியோடு பிடித்துக்கொள்வார்கள். 1983-ல் தொடங்கிய திட்டம் இது. இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட நிதியிலிருந்து அப்படிக் கட்ட வேண்டி வந்ததில்லை.

இந்த ஏற்பாட்டை நான் குறை சொல்லவில்லை, உண்மையிலேயே நல்ல ஏற்பாடு. 1854-ல் 20 லட்சம் டாலரை ஒதுக்கி ஆரம்பித்த நிதி, 1876 அரசியல் சட்டத்தில் பொது நிலத்தில் பாதியைப் பெற்று, அந்த நிலத்திலும் கரையோரக் கடலடியிலும் கிடைத்த எண்ணெய், எரிவாயு வருமானத்தில் வளர்ந்து, இன்றைக்கு 5,000 கோடி டாலருக்கு மேல் நிற்கிறது. அதன் ஜாமீன் இருந்தால் எந்த மூலையில் இருக்கும் சின்ன டிஸ்ட்ரிக்டின் பாண்டுக்கும் ட்ரிபிள் ஏ என்கிற மிக உயர்ந்த கடன் தரம் கிடைத்துவிடும். 10 கோடி டாலர் கடனில் வட்டி கால் சதவீதம் குறைந்தாலே முதல் வருடத்தில் மட்டும் இரண்டரை லட்சம் டாலர் மிச்சம்.

ஆனால் ஜாமீனால் வட்டிதான் குறையும், அசலை யார் கட்டுவது? சொத்து மதிப்பு அதிகமுள்ள ஊரில் நூறு டாலருக்கு ஒரு சென்ட் வரி போட்டாலே கொட்டுகிறது, இல்லாத ஊரில் அதே ஒரு சென்டுக்கு ஒன்றும் தேறாது. சான் அன்டோனியோவின் எட்ஜ்வுட் பள்ளி மாணவர்கள் 1968-லேயே இடிந்து கிடந்த கட்டடங்களைக் காட்டி வகுப்பைவிட்டு வெளியே வந்து போராடினார்கள். சொத்து வரியை நம்பிய பள்ளி நிதிமுறை ஏழை ஊர்களுக்கு அநியாயம் என்று அந்தப் பெற்றோர் போட்ட வழக்கு 1973-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் 5-க்கு 4 என்று தோற்றது. பிறகு மாநில நீதிமன்றத்தில் எட்ஜ்வுட் மறுபடியும் வழக்குப் போட்டு 1989-ல் ஜெயித்தது. 1995 தீர்ப்பில், கட்டடங்களுக்கென்று தனி ஏற்பாடு செய்யாவிட்டால் இந்த நிதிமுறை அரசியல் சட்டப்படி நிற்காது என்று நீதிபதிகள் எச்சரித்த பிறகுதான் 1997-ல் ஐ.எஃப்.ஏ. என்கிற கட்டட மானியம் வந்தது.

அந்த மானியத்தின் கதையைத்தான் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு சென்ட் வரிக்கு ஒரு மாணவருக்கு 35 டாலர் வரவில்லையென்றால் குறைவதை மாநிலம் போட்டுத் தரும், இது 1999-ல் வைத்த கணக்கு. அதாவது ஒரு மாணவருக்கு 3.5 லட்சம் டாலர் சொத்து இல்லாத ஊருக்கு உதவி உண்டு. அன்றைக்கு அது பெரிய தொகை, பெரும்பாலான ஊர்கள் அதற்குக் கீழேதான் இருந்தன. அதன்பின் வீட்டு விலை எங்கேயோ போய்விட்டது, கட்டுமானச் செலவும் எங்கேயோ போய்விட்டது, அந்த 35 மட்டும் இருபது வருடத்துக்கு மேல் அசையவே இல்லை. விலை ஏறியதாலேயே ஊர் ஊராக மானியத்திலிருந்து வெளியே விழுந்தன. யாரும் சட்டம் போட்டு ரத்து செய்யவில்லை, சும்மா விட்டதிலேயே கரைந்துபோனது. எனக்குக் கோபம் வருவது இங்கேதான்.

எங்கள் பக்கத்துப் பள்ளி ஒன்றில் பின்பக்கம் வரிசையாகப் போர்ட்டபிள் வகுப்புகள். இரும்புச் சாய்தளத்தில் ஏறிப் போக வேண்டும், ஜன்னல் ஏசியின் சத்தத்துக்கு மேல் டீச்சர் கத்திப் பாடம் நடத்த வேண்டும், மழையில் பாத்ரூம் போகவும் குழந்தைகள் நனைந்துகொண்டு மெயின் கட்டடத்துக்கு ஓட வேண்டும். வசதியான ஊரிலேயே இப்படி என்றால் மெக்சிகோ எல்லையோர ரியோ கிராண்டே பள்ளத்தாக்கின் ஏழை டிஸ்ட்ரிக்டுகளை நினைத்துப் பாருங்கள்.

இன்னொன்று. 2019 சட்டப்படி பள்ளி பாண்டு வாக்குச்சீட்டில் எல்லாம் ‘இது ஒரு சொத்து வரி உயர்வு’ என்று பெரிய எழுத்தில் அச்சடித்தே ஆக வேண்டும், வரி விகிதம் ஒரு சென்ட்கூட ஏறாவிட்டாலும் சரி. அதைப் பார்த்ததும் பயந்து ‘வேண்டாம்’ போட்டுவிட்டு வருகிறார்கள். கட்டடத்துக்குப் பதில் டீச்சர் சம்பளத்தை ஏற்றலாமே என்றும் சிலர் சொல்கிறார்கள். ஐ அண்ட் எஸ் பணத்தில் சம்பளம் கொடுக்கவே முடியாது, சட்டம் விடாது.

நம்மில் விசாவில் இருப்பவர்கள் வரி கட்டினாலும் ஓட்டுப் போட முடியாது, அது அவர்கள் தப்பில்லை. குடியுரிமை வாங்கியவர்கள் பலர் நவம்பரில் அதிபர் தேர்தலுக்கு வரிசையில் நிற்கிறார்கள், மே மாத பாண்டு தேர்தல் நடந்ததே தெரியாமல் இருக்கிறார்கள். நல்ல ஸ்கூல் என்று தேடித்தானே இந்த ஊர்களில் வீடு வாங்கினோம்? ஒற்றைப்படை வருடங்களில் ஜனவரியில் ஆஸ்டினில் சட்டமன்றம் கூடும்போது, அந்த 35 டாலரை உயர்த்தி, வீட்டு விலையோடு சேர்ந்து தானாக ஏறும்படி வையுங்கள் என்று நம் தொகுதி உறுப்பினருக்கு நாலு வரி எழுதினால் போதும், நான் எழுதியிருக்கிறேன். நீங்களும் மார்ச் இதழிலேயே மே தேர்தலின் முன்கூட்டி ஓட்டுப் போடும் தேதிகளை ஊர்வாரியாகப் போட்டால் உபகாரமாக இருக்கும். விவரம் திரட்ட ஆள் வேண்டுமென்றால் டல்லாஸ் பகுதிக்கு நான் செய்து தருகிறேன்.

இப்படிக்கு,
டல்லாஸ் பகுதி வாசகி