பிரியாணிப் பொட்டலம் வேண்டாம், தம்பி

கர்த்தருக்குள் பிரியமான மகனுக்கு அம்மா எழுதுவது.

நானும் அப்பாவும் நலம். அப்பாவுக்கு முழங்கால் வலி மட்டும் விட்டபாடில்லை. நீ அனுப்பிய பணம் வங்கியில் ஏறிவிட்டது. வாய்ஸ் மெசேஜையும் கேட்டேன். பாப்பாவின் முதல் பிறந்தநாளுக்குச் சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கம் நடைபாதையில் படுக்கிற இருநூறு பேருக்கு மட்டன் பிரியாணி கொடுக்கவேண்டும், பொட்டலத்தின் மேல் பாப்பாவின் படமும் பேரும் ஸ்டிக்கராக ஒட்டவேண்டும், நம் சபை வாலிபர் ஐக்கியத்துப் பையன் யாராவது அதை வீடியோ எடுக்கவேண்டும் என்று சொல்லியிருந்தாய். போனில் பேசினால் பாதியிலேயே "சரிம்மா, சரிம்மா" என்று முடித்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். பிரியாணி வேண்டாம். ஸ்டிக்கர் வேண்டாம். வீடியோ வேண்டவே வேண்டாம். பணத்தைத் திருப்பி அனுப்பப்போவதில்லை, பயப்படாதே. அதற்கு வேறு வேலை வைத்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பாரிமுனையிலிருந்து சென்ட்ரல் வரைக்கும் ஒரு நடை போனால் உனக்கே புரியும். பிறந்தநாள், கல்யாண நாள், நினைவு நாள், கட்சித் தலைவர் பிறந்தநாள் என்று வண்டிக்குப் பின்னால் வண்டி வரும். ஒரே ஆள் கையில் மூன்று பொட்டலம் இருக்கும். செவ்வாய்க்கிழமை இந்த ஊரில் யாரும் பிறக்கிறதும் இல்லை, சாகிறதும் இல்லை போலிருக்கிறது. அன்றைக்கு ஒரு வண்டி வராது. சரி, வாங்கியதை மறுநாளுக்கு வைத்துக்கொள்ளலாமே என்பாய். மதியம் சமைத்துச் சூட்டோடு கட்டிய சோறு ராத்திரி பத்து மணிக்குப் பிரிக்கும்போதே ஊசிப்போய் வாடை அடிக்கும். பொட்டலம் நடைபாதையிலேயே கிடக்கும். காலையில் ஷட்டரைத் திறக்க வரும் கடைக்காரர், கொடுத்துவிட்டுப் போனவரையா திட்டுவார்? அங்கே படுத்திருந்தவர்களைத்தான் திட்டுவார், சில நாள் துரத்தியும் விடுவார்.

பல்லில்லாத பாட்டிக்கு மட்டன் துண்டு எதற்கு? காரமாகச் சாப்பிட்டால் தண்ணீர் தவிக்கும். தண்ணீர் குடித்தால் ராத்திரி ஒதுங்க இடம் வேண்டும். நடைபாதையில் படுக்கிற பெண்கள் பலர் பொழுது சாய்ந்தபிறகு தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடுகிறார்கள். பிராட்வே பக்கம் பூக்கட்டி விற்கிற ஒரு அம்மா இதைச் சொன்னபோது, எத்தனையோ வருஷமாகப் பொட்டலம் கொடுத்த எங்கள் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் ஒருத்திக்கும் அது தெரிந்திருக்கவில்லை. யாரும் நின்று கேட்டால்தானே.

பசியே கிடையாது என்று நான் சொல்லவில்லை. ஊரடங்கு போட்ட 2020-இல் தெருவே வெறிச்சோடிப் போனபோது அவர்கள் பட்ட பசியைப் பார்த்தோம். ஆனால் சாதாரண நாளில் விஷயம் வேறு மாதிரி. 2013-இல் அம்மா உணவகம் வந்தபோது இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து ரூபாய், தயிர் சாதம் மூன்று ரூபாய் என்று வைத்தார்கள். கையில் பத்து ரூபாய் இருக்கிற ஆள் அங்கே போய் மரியாதையாகத் தட்டு வாங்கிச் சாப்பிட்டுவிடுவார். அந்தப் பத்து ரூபாய் அவர்கள் சம்பாதித்தது. நீ காரில் போகும்போது பார்த்து "பிச்சைக்காரர்கள்" என்று நினைத்தாயே, அவர்களில் முக்கால்வாசிப் பேர் வேலைக்குப் போகிறவர்கள். மூட்டை தூக்குகிறார்கள், மீன்பாடி வண்டி மிதிக்கிறார்கள், அட்டையும் பாட்டிலும் பொறுக்கி எடைக்குப் போடுகிறார்கள், கல்யாண மண்டபங்களில் பாத்திரம் கழுவுகிறார்கள். கொத்தவால் சாவடி மார்க்கெட் 1996-இல் கோயம்பேட்டுக்குப் போய்விட்டது. அதை நம்பி வந்த குடும்பங்கள் எல்லாமும் கூடவே போய்விட முடியுமா? தாத்தா காலத்தில் வந்து உட்கார்ந்த நடைபாதையிலேயே பேரன் பிறந்து பள்ளிக்கூடம் போகிற குடும்பங்கள் ஜார்ஜ் டவுனில் இருக்கின்றன. ஜி.எச். என்கிற அரசுப் பொது மருத்துவமனைக்கு எதிரே படுத்திருப்பவர்களில் பாதிப்பேர் வீடில்லாதவர்களே கிடையாது. வெளியூரிலிருந்து நோயாளிக்குத் துணையாக வந்து, லாட்ஜுக்குப் பணம் இல்லாதவர்கள். எல்லோரையும் ஒரே கூட்டமாகப் பார்த்து ஒரே பொட்டலத்தை நீட்டுவது வண்டியில் வருகிறவர்களுக்கு வசதி, அவ்வளவுதான்.

காப்பகம் இருக்கிறதே, அங்கே போகலாமே என்று அப்பாவும் கேட்பார். ஒரு லட்சம் பேருக்கு ஒரு காப்பகம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-இல் சொல்லி, மாநகராட்சியும் நடத்துகிறது. நல்ல காரியம்தான். ஆனால் பெரும்பாலும் ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி. புருஷனும் பெண்டாட்டியும் பிள்ளைகளுமாக இருக்கிற குடும்பம் பிரிந்து போய்ப் படுக்குமா? மீன்பாடி வண்டியை எங்கே நிறுத்துவது? விடியற்காலை மூட்டை வேலைக்கு அங்கிருந்து எப்படி வருவது?

நாங்கள் இப்போது செய்வதைச் சொல்கிறேன். வியாழக்கிழமை சாயங்காலம் ஆறரைக்கு நம் கோயில் ஹாலில் பந்தி. ஆறரை என்று வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. எட்டு, எட்டரைக்குக் கடை ஷட்டர்கள் இறங்க ஆரம்பிக்கும். அதற்குள் திரும்பிப் போய் வழக்கமான இடத்தைப் பிடிக்காவிட்டால் வேறு யாராவது படுத்துவிடுவார்கள். எவர்சில்வர் தட்டு, டம்ளர். குழைவான சோறு, சாம்பார், ஒரு கூட்டு, முட்டை, மோர். எங்களில் பாதிப்பேர் பரிமாறுவோம், பாதிப்பேர் அவர்களோடு வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுவோம். அடுத்த வாரம் மாற்றிக்கொள்வோம். உட்கார்ந்து சாப்பிடத்தான் எங்கள் ஆட்கள் கூச்சப்பட்டார்கள், பரிமாற எல்லோருக்கும் ஆசை. முதலில் எங்கள் கணக்கு வாத்தியார் ஒருவர், எனக்கு ஆஸ்துமா, டஸ்ட் ஆகாது என்று நின்றுகொண்டே இருந்தார். இப்போது வண்டி மிதிக்கிற ஒரு தாத்தாவோடு கிரிக்கெட் பேசி முடிக்காமல் அவர் எழுந்திருக்க மாட்டார்.

மண்டபங்களில் சமையலுக்குப் போகிற ஒரு அக்கா இரண்டாவது வாரமே என்னிடம் வந்து, "ஏம்மா, புளியைக் கரைச்சு இப்படியா கொட்டுவீங்க? பருப்பு வெந்தப்புறம் ஊத்துங்க" என்றார். நாற்பது வருஷமாகச் சாம்பார் வைக்கிறவள் நான். கோபம் வந்தது உண்மைதான். கரண்டியை அவர் கையில் கொடுத்துவிட்டேன். இப்போது சாம்பார் அவர் பொறுப்பு, நன்றாகவே வைக்கிறார். எங்கள் சங்கத்துப் பெண்கள் அவருக்குக் காய் நறுக்கிக் கொடுக்கிறார்கள்.

இது சும்மா நடந்துவிடவில்லை. கமிட்டியில் பெரிய சண்டை. கேட்டுக்கு வெளியே வைத்துக்கொள்ளலாம், ஹாலைக் கல்யாணத்துக்கு வாடகைக்கு விடுகிறோம், நாற்றம் அடிக்கும், செருப்பு காணாமல் போகும் என்றார்கள். நான் எழுந்து, ஊரில் அசனம் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் இதைப் பேசலாமா என்று கேட்டேன். உனக்கு அசனம் நினைவிருக்குமோ என்னவோ, சின்னப் பிள்ளையாகத் தூத்துக்குடிப் பக்கத்து நம் நாசரேத்துக்கு வந்திருக்கிறாய். கோயில் பண்டிகைக்கு ஓலைப்பாயில் சோற்றை மலையாகக் கொட்டி, அண்டா அண்டாவாகக் கறிக்குழம்பு வைத்து, காணிக்கை போட்டவனும் போடாதவனும், பக்கத்து ஊர் இந்துக்களும் ஒரே வரிசையில் உட்காருவார்கள். அங்கே யாராவது கேட்டுக்கு வெளியே பொட்டலம் கொடுத்து அனுப்பினார்களா? எங்கள் சபைப் போதகர் ஐயர் அப்போது ஒரு பழைய கதையைச் சொன்னார். 1847-இல் மதுரை அமெரிக்க மிஷன், தன் உபதேசிமார்கள் சாதி பாராமல் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டே ஆகவேண்டும் என்றபோது, வேதத்தைத் தலைகீழாக ஒப்பிக்கிறவர்களே பலர் வேலையை விட்டுப் போனார்களாம். பிரசங்கம் பண்ணுவதில் யாருக்கும் சிரமம் இருக்கவில்லை, பக்கத்தில் உட்காருவதில்தான் இருந்தது. பைபிளில் பவுல் கொரிந்து சபையைத் திட்டுகிற இடமும் அதுதானே. வசதி உள்ளவன் முந்திக்கொண்டு சாப்பிட்டு முடிக்கிறான், இல்லாதவன் பசியோடு நிற்கிறான், இதற்குப் பெயர் கர்த்தருடைய பந்தியா என்று கேட்கிறார்.

ரோமில் நடந்ததையும் ஐயர்தான் சொன்னார். சாந்த் எஜீதியோ என்று ஒரு கத்தோலிக்கக் குழு. 1968-இல் பள்ளிப் பிள்ளைகள் தொடங்கியது. 1982 கிறிஸ்துமஸ் அன்று திராஸ்தேவெரே என்ற பகுதியில் இருக்கிற மிகப் பழைய மாதா கோயிலுக்குள்ளேயே மேஜை போட்டு, இருபது ஏழைகளை உட்காரவைத்து விருந்து கொடுத்தார்கள். ஹாலில் கூட இல்லை, கோயிலுக்குள்! அடுத்த மாதமே, 1983 ஜனவரி 31 அன்று, தெர்மினி ரயில் நிலையத்தில் மோதெஸ்தா வலென்டி என்ற வீடில்லாத மூதாட்டி முடியாமல் விழுந்துவிட்டார். வந்த ஆம்புலன்ஸ் அவர் அழுக்காக இருக்கிறார் என்று ஏற்ற மறுத்துவிட்டது. மணிக்கணக்காகக் கிடந்து இறந்துபோனார். வருஷா வருஷம் அந்தக் குழு அவருக்காக வழிபாடு நடத்தி, தெருவில் இறந்த மற்றவர்கள் பேரையும் ஒவ்வொன்றாக வாசிக்கிறது. இன்னொரு செய்திதான் என்னைப் பிடித்துக்கொண்டது. வீடில்லாதவர்கள் அரசாங்கப் பதிவில் விலாசமாக எழுதிக்கொள்ள, இல்லாத ஒரு தெருவை ரோம் மாநகராட்சி ஏற்படுத்தியிருக்கிறது. அதன் பேர் மோதெஸ்தா வலென்டி தெரு. இங்கே ரேஷன் அட்டைக்கு விலாசம் எங்கே என்று கேட்டால் நம் ஆட்கள் எந்தத் தெருவைச் சொல்வார்கள்? 2011 கணக்கெடுப்பில் பிப்ரவரி 28 ராத்திரி தெருத் தெருவாகப் போய் எண்ணினார்கள். நாடு முழுக்க 17 லட்சத்துக்கு மேல் வந்தது. எண்ணிக்கை கிடைத்தது, விலாசம் கிடைக்கவில்லை.

அதனால்தான் ஸ்டிக்கர் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றது, தப்பாக எடுத்துக்கொள்ளாதே. சாப்பிடுகிறவர் பேர் நமக்குத் தெரியாது, நம் பேர் மட்டும் அவருக்குத் தெரியவேண்டுமா? படமும் அப்படித்தான். பந்தியில் ஒரு பெண், தன் தங்கை கல்யாணத்துக்குக் கூட ஊருக்குப் போகவில்லை, நடைபாதையில் இருப்பது அவர்களுக்குத் தெரியாது என்றார். நீ போடுகிற வீடியோ எங்கெங்கே போகும் என்று உனக்கே தெரியாது.

சுவிசேஷக் கைப்பிரதி கொடுக்கிறீர்களா, ஜெபம் பண்ணச் சொல்கிறீர்களா என்று உன் மாமனார் கேட்டாராம். இல்லை என்று சொல். சாப்பாட்டுக்கு முன்னால் எங்களில் ஒருவர் ஒரு நிமிஷம் ஜெபிப்பார், நம் வீட்டில் செய்கிற மாதிரிதான். அதற்குள் சாப்பிட ஆரம்பித்தால் ஆரம்பிக்கட்டும். ஒரு பெரியவர் தட்டு வந்ததும் "முருகா" என்றுதான் கையை வைப்பார். என் பக்கத்தில்தான் உட்காருவார். சோறு போட்டுவிட்டு அதற்குக் கூலியாக ஒரு ஆமென் வாங்குவது எனக்குப் பிடிக்கவில்லை. சபையில் சிலருக்கு இதில் வருத்தம் உண்டு. இருக்கட்டும்.

இனிப் பணத்துக்கு வருகிறேன். பாப்பா பிறந்தநாள் இந்த வருஷம் செவ்வாய்க்கிழமை வருகிறது, காலண்டரில் பார்த்தேன். வண்டி வராத நாள். அன்றைக்கு ஒரு தனிப் பந்தி வைக்கிறோம். சோறு, பருப்பு, முட்டைக் குழம்பு, சர்க்கரை குறைவாகப் பாயசம். இருநூறு பேர் முடியாது, ஹாலில் அறுபது பேர்தான் நிம்மதியாக உட்காரமுடியும். யாருக்குப் பிறந்தநாள் என்று அவர்களே கேட்பார்கள், நானே பேரைச் சொல்லிக்கொள்கிறேன். மீதியில் இரண்டு சிலிண்டர், இன்னும் கொஞ்சம் தட்டு. அதற்கும் மேல் மிஞ்சுவது ஆட்டோச் செலவுக்கு. நானும் அந்தப் பூக்கார அம்மாவும் இன்னும் நான்கு பெண்களுமாக மாநகராட்சி மண்டல அலுவலகத்துக்கு நடையாய் நடக்கிறோம், ராத்திரியும் திறந்திருக்கிற மாதிரி ஒரு பெண்கள் கழிப்பறை கேட்டு. மனு வாங்கிக்கொள்கிறார்கள், பதில்தான் வரவில்லை. அடுத்த தடவை அவர்களையே பேசவிடப்போகிறேன். என்னைவிட நன்றாகப் பேசுகிறார்கள்.

டிசம்பரில் வரும்போது ஒரு வியாழக்கிழமையை எனக்கு ஒதுக்கி வை. பரிமாறுகிறேன் என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிடாதே, பரிமாற ஆள் இருக்கிறது. வரிசையில் இடம் போட்டு வைக்கிறேன். மருமகளிடமும் சொல், அவளுக்குப் புளி கம்மியாக வைக்கச் சொல்கிறேன், அந்த அக்கா சம்மதித்தால்.

கணக்கைப் பந்தி முடிந்ததும் எழுதி அனுப்புகிறேன். பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டதா? தடுப்பூசி போட்ட கால் வீக்கம் வற்றியதா? இன்றைக்கே மெசேஜ் போடு.

இப்படிக்கு,
அம்மா