இத்தாலியத் தொடர்களில் பேசப்படுவது எந்த இத்தாலியம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தொலைக்காட்சித் தொடர்களைப் பார்த்தே அயல்மொழி கற்கலாம் என்ற கருத்து இப்போது பரவலாகச் சொல்லப்படுகிறது. இத்தாலிய மொழியைப் பொறுத்தவரை அக்கருத்தை நான் முழுமனதுடன் ஏற்கிறேன். ஆனால் எந்தத் தொடரில் தொடங்குவது என்பதற்குச் சரியான வழிகாட்டுதல் கிடைப்பதில்லை என்பதையும், அதனால் ஆர்வத்தோடு தொடங்கியவர்கள் விரைவிலேயே மனம் தளர்ந்து விட்டுவிடுகிறார்கள் என்பதையும் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

இத்தாலியர்களுக்கே இத்தாலியம் கற்பித்ததில் தொலைக்காட்சிக்குப் பெரும் பங்குண்டு. 1861இல் நாடு ஒன்றிணைந்தபோது மக்களில் நூற்றுக்கு மூன்று பேர்கூடப் பொதுமொழியைப் பேசவில்லை என்று மொழியியலாளர் துல்லியோ தே மவுரோ மதிப்பிட்டார். பின்வந்த ஆய்வாளர்கள் அந்த அளவைச் சற்று உயர்த்தினாலும், பெரும்பாலோர் தத்தம் வட்டார மொழியிலேயே வாழ்ந்தார்கள் என்பதை எவரும் மறுக்கவில்லை. 1954 ஜனவரியில் இத்தாலியின் அரசு ஒளிபரப்பு நிறுவனமான ராய் தொலைக்காட்சி தன் முறையான ஒளிபரப்பைத் தொடங்கியது. 1960 முதல் 1968 வரை ஆல்பெர்த்தோ மான்சி என்ற பள்ளி ஆசிரியர், பெரிய தாள்களில் கரியால் படம் வரைந்து காட்டியபடியே, எழுத்தறியாத பெரியவர்களுக்கு அதே தொலைக்காட்சியில் பாடம் நடத்தினார். அவரிடம் கற்றுத் தொடக்கக் கல்விச் சான்றிதழ் பெற்றவர்கள் பத்து லட்சத்துக்கும் அதிகம் என்று மதிப்பிடப்படுகிறது. திரையைப் பார்த்து மொழி கற்பது இயலுமா என்று ஐயப்படுவோருக்கு இதைவிடப் பெரிய சான்று தேவையில்லை.

எனினும் வட்டார மொழிகள் மறைந்துவிடவில்லை. இங்குதான் புதிதாகக் கற்பவர் இடறுகிறார். உலகெங்கும் புகழ்பெற்ற ‘கொமோர்ரா’ (2014), ‘லாமிகா ஜெனியாலே’ (2018) ஆகிய இரு தொடர்களிலும் பெரும்பகுதி உரையாடல் நேப்பிள்ஸ் நகரத்து மொழியில் அமைந்தது. இத்தாலியில் ஒளிபரப்பானபோதே அவற்றுக்கு இத்தாலிய சப்டைட்டில் தேவைப்பட்டது. ஆனால் வெளிநாட்டுப் பார்வையாளருக்குக் கிடைக்கும் அறிமுகக் குறிப்பிலோ பெரும்பாலும் ‘மொழி: இத்தாலியம்’ என்று மட்டுமே இருக்கிறது. பொது இத்தாலியத்தில் ஏறக்குறைய எல்லாச் சொற்களும் தெளிவான உயிரொலியில் முடியும்; நேப்பிள்ஸ் பேச்சிலோ அந்த ஈற்றொலி மங்கிவிடும். பாடநூலில் படித்த சொல் எதுவும் காதில் விழாதபோது, கற்பவர் தம் செவியையும் அறிவையும்தான் குறை கூறிக்கொள்கிறார். இது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. ‘லாமிகா ஜெனியாலே’ மிகச் சிறந்த தொடர் என்பதில் ஐயமில்லை. வீட்டு மொழிக்கும் பள்ளி மொழிக்கும் இடையிலான தூரமே அக்கதையின் உயிர்நாடிகளில் ஒன்று. அந்தத் தூரத்தை உணரும் அளவுக்கு மொழி தெரிந்த பிறகு அதைப் பார்ப்பதே முறை.

1999 முதல் 2021 வரை வெளிவந்த ‘இல் கொம்மிஸ்ஸாரியோ மோந்தல்பானோ’ என்ற துப்பறியும் தொடர் இடைநிலையில் உள்ளவர்களுக்கு ஏற்றது. அதில் பேசப்படுவது பெரும்பாலும் சிசிலி வாடை கொண்ட இத்தாலியம். நாயகன் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும்போது ‘மோந்தல்பானோ சோனோ’ (‘நான் மோந்தல்பானோ’; இதில் ‘சோனோ’ என்பதே வினை) என்று வினையை இறுதியில் வைப்பது சிசிலி வழக்கு. வினையில் வாக்கியத்தை முடித்துப் பழகிய தமிழருக்கு அது இயல்பாகத் தோன்றக்கூடும் என்பதால், பொது வழக்கில் வினையே முன்னால் வரும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

முற்றிலும் புதியவர்களுக்கு நான் பரிந்துரைப்பது, இத்தாலியத்தில் டப்பிங் செய்யப்பட்ட, கதை முன்பே தெரிந்த ஒரு வெளிநாட்டுத் தொடர். இத்தாலியில் டப்பிங் நெடுங்கால மரபுடைய கலை. பின்னணிக் குரல் கலைஞர்கள் பொது உச்சரிப்பில் முறையான பயிற்சி பெற்றவர்கள். அந்தப் பேச்சில் சிறிது செயற்கைத்தன்மை உண்டு என்பது உண்மையே. ஆனால் சொற்களைப் பிரித்துக் கேட்கப் பழகும் காலத்தில் அந்தத் தெளிவு பெரும் உதவி. அடுத்து, 1996 முதல் ராய் தொலைக்காட்சியில் வார நாட்களில் வரும் ‘உன் போஸ்தோ அல் சோலே’ போன்ற நெடுந்தொடருக்குப் போகலாம். அதன் கதைக்களம் நேப்பிள்ஸ் என்றாலும் உரையாடல் பெரிதும் அன்றாட இத்தாலியமே. இலக்கிய மதிப்புக் குறைவென்று இவ்வகைத் தொடர்களை ஒதுக்குவோர் உண்டு. ஒரே மனிதர்கள், ஒரே வீடுகள், நாள்தோறும் திரும்பி வரும் சண்டையும் சமாதானமும் என்ற அமைப்பே சொற்களை மனத்தில் பதியவைக்கிறது.

சப்டைட்டில் எந்த மொழியில் இருக்க வேண்டும் என்பதும் முக்கியமானது. டச்சு மொழியினர் பழக்கமில்லாத உச்சரிப்புடைய ஆங்கில நிகழ்ச்சிகளைப் பார்த்தபோது, ஆங்கில சப்டைட்டில் அவர்களுடைய செவித்திறனை வளர்த்தது, டச்சு சப்டைட்டிலோ அதற்கு இடையூறாகவே அமைந்தது என்று 2009இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. இத்தாலியம் கற்பவரும் கதையோட்டம் ஓரளவு பிடிபட்டதும் இத்தாலிய சப்டைட்டிலுக்கே மாறிவிட வேண்டும். இரட்டித்த மெய்யொலியை வேறுபடுத்திக் கேட்பது பலருக்குக் கடினமாக இருக்க, தமிழருக்கு அது தாய்மொழியிலேயே கைவந்தது. ஆனால் ககர, தகர, பகர ஒலிகளின் வல்லோசை, மெல்லோசை வேறுபாட்டை (ஆங்கில எழுத்தில் k–g, t–d, p–b) நம் எழுத்து காட்டாது. ஆகவே இத்தாலிய வசனங்களைத் தமிழ் எழுத்தில் குறித்து வைத்துப் படிப்பதை நான் ஊக்குவிப்பதில்லை.

பாடநூலால் தர முடியாத ஒன்றையும் தொடர்கள் தருகின்றன. நாம் நீ, நீங்கள் என்று வேறுபடுத்துவதைப் போல இத்தாலியரும் ‘தூ’, ‘லேய்’ என்று வேறுபடுத்துகின்றனர். இருவர் எந்தக் கணத்தில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறுகிறார்கள், யார் அதற்கு முதலில் இசைவு தருகிறார் என்பதையெல்லாம் முகபாவத்தோடு பார்த்தே உணர முடியும். பேசும் திறன் மட்டும் பார்ப்பதால் தானாக வந்துவிடாது. ஒரு சிறு காட்சியை நிறுத்தி நிறுத்தி, அதே வேகத்தில் உரக்கச் சொல்லிப் பழக வேண்டும்.

தங்கள் நாளிதழில் வெளிநாட்டுத் தொடர்களை அறிமுகம் செய்யும்போது, கதைச் சுருக்கத்தோடு அதில் பேசப்படுவது பொதுமொழியா, வட்டார மொழியா என்பதையும் ஒரு வரியில் குறிப்பிடுமாறு வேண்டுகிறேன். இணையவழித் தளங்களும் தம் தொடர் விவரக் குறிப்புகளில் இதைச் சேர்க்க வேண்டும் என்பதைத் தங்கள் இதழ் வாயிலாக வலியுறுத்தினால், மொழி கற்போர் பலருக்கும் பயன்படும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்