குளத் திருப்பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். நம் குளத்தில் எடுத்த வேலைகள் நல்லபடியாக முடிந்தன. மதகுக்கு ஷட்டர் மாற்றியாயிற்று, உபரிநீர் வழியும் கலங்கின் கல்கட்டும் பூசியாயிற்று. வரவு செலவுக் கணக்கைப் பொதுக்குழுவில் வைக்கிறோம்.

அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கி, 1,045 குளம் குட்டைகளுக்குப் பவானித் தண்ணீர் கொண்டுவருகிறது. அந்தப் பட்டியலில் நம் குளம் இல்லை. நமக்கு மழையும், மழைநீர் ஓடிவரும் பள்ளமும்தான் கதி. அதனால் பள்ளத்தை அடைத்திருந்த குப்பையையும் கட்டட இடிபாட்டையும்தான் முதலில் அள்ளினோம்.

அப்புறம் சீமைக் கருவேலம். வெட்டினால் அடிக்கட்டையிலிருந்தே துளிர்த்துவிடும் என்பதால் ஜேசிபி வைத்து வேரோடு பிடுங்கினோம். நாட்டுக் கருவேலம் ஒன்றுகூடப் போய்விடக் கூடாது என்று, அவற்றுக்கு முன்பே சுண்ணாம்பு அடித்து வைத்தோம். காயைப் பார்த்தால் போதும்: நாட்டு மரத்தின் காய் மணி கோத்ததுபோல் விதைக்கு விதை இடுங்கியிருக்கும், சீமையின் காய் வெளிர்மஞ்சளாய் நீண்டிருக்கும்.

‘இன்னும் ஆழமாகத் தோண்டியிருக்கலாமே’ என்று பலர் கேட்டீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் நிறைந்து சித்திரைக்குள் காய்வதுதான் இந்தக் குளத்தின் இயல்பு. காய்ந்த மேல்மண்ணில் கிடக்கும் விதைதான் அடுத்த மழைக்குக் கோரையாகவும் புல்லாகவும் எழும்பும். ஓரத்தில் கணுக்கால் தண்ணீர் நின்றால்தான் உள்ளான் குருவி இரை பொறுக்க முடியும். அதனால் மதகை ஒட்டி மட்டும் வண்டல் எடுத்தோம். தாசில்தார் அனுமதியோடு அதை விவசாயிகள் தோட்டத்துக்கு ஓட்டிக்கொண்டார்கள். மற்ற இடமெல்லாம் பழைய சரிவிலேயே இருக்கிறது.

பள்ளம் வந்து சேரும் இடத்தில் நீர்மருது, புங்கன், நாவல் நட்டோம். கரையின் வெளிப்பக்கம் பனங்கொட்டை. மேட்டில் வெள்வேலும் ஆவாரையும். அடியில் கொரங்காட்டு மேய்ச்சல் நிலத்திலிருந்து கொண்டுவந்த கொழுக்கட்டைப்புல் விதை. முள்கம்பிக்குப் பதில் கிளுவைக் குச்சி ஊன்றினோம், அதுவே துளிர்த்து வேலியாகிவிடும். பூ அழகுக்காகக் குல்மோகர் வைக்கலாம் என்ற யோசனையைக் குழு ஏற்கவில்லை. இந்த மண்ணின் மரங்களுக்கே இடம் போதவில்லை.

வேலை முடிந்தாலும் காவல் முடியவில்லை. சீமைக் கருவேலங்காயை ஆடு விரும்பித் தின்னும். புழுக்கையோடு விழும் விதை மழைக்கு முளைத்துவிடும். விரல் நீளத்தில் கையாலேயே பிடுங்கிவிடலாம், விட்டால் மறுபடி ஜேசிபிதான். மாதத்தின் முதல் ஞாயிறு காலை, களைக்கொத்தோடு கலங்குப் பக்கம் வந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
குளத் திருப்பணிக் குழு