நடுநிலையைக் காத்தவர்கள் சுங்க அதிகாரிகள்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

பிரான்சும் பிரிட்டனும் போரிட்டுக்கொண்டிருக்க, அதில் சேரமாட்டோம் என்று 1793 ஏப்ரல் 22 அன்று அமெரிக்க அதிபர் வாஷிங்டன் வெளியிட்ட பிரகடனத்தோடு அமெரிக்காவின் நடுநிலை உறுதியாகிவிட்டது என்பதுபோல் சென்ற இதழ்க் கட்டுரை முடிந்திருந்தது. தொல்லையே அதற்குப் பிறகுதான். அந்தப் பிரகடனத்தில் 'நடுநிலை' என்ற சொல்லே கிடையாது. மீறுபவரைத் தண்டிக்கத் தனிச்சட்டமும் இல்லை. தடுக்கக் கடற்படையும் இல்லை. கடைசிப் போர்க்கப்பலான 'அலையன்ஸ்' 1785இலேயே விலைபோயிருந்தது.

பிரைவேட்டியரை, அதாவது அரசின் உரிமத்தோடு எதிரிக் கப்பல்களைப் பிடிக்கும் தனியார் கப்பலை, அந்தக் கட்டுரை கடற்கொள்ளையரோடு சேர்த்தது பெரிய பிழை. தனியார் முதல் போட்டுக் கப்பலுக்குப் பீரங்கி பூட்டுவார்கள். போரிடும் அரசு உரிமக் கடிதம் தரும். பிடித்த கப்பலைத் துறைமுகத்துக்குக் கொண்டுவந்து, பிடித்தது செல்லும் என்று நீதிமன்றம் சொன்ன பிறகே விற்றுப் பங்கு பிரிக்கலாம். ஆக, பக்கத்தில் துறைமுகம் இல்லாவிட்டால் தொழில் படுத்துவிடும். பிரெஞ்சுத் தூதர் ழெனே சார்ல்ஸ்டனில் கால் வைத்ததுமே உரிமக் கடிதங்களை வழங்கியது இதனால்தான். பிரான்சின் எதிரிகள் அமெரிக்கத் துறைமுகங்களில் இத்தகைய கப்பல்களைத் தயார்செய்யக் கூடாது என்றது அமெரிக்காவும் பிரான்சும் செய்துகொண்ட 1778 ஒப்பந்தம். அப்படியானால் எங்களுக்கு உரிமை உண்டு என்று வாதாடினார் ழெனே. எதிரிக்கு மறுத்ததாலேயே நண்பருக்குக் கொடுத்ததாகிவிடாது என்பது அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஜெஃபர்சனின் பதில்.

'லிட்டில் சாரா' என்ற பிரிட்டிஷ் கப்பலைப் பாருங்கள். பிரெஞ்சுப் போர்க்கப்பல் பிடித்துப் பிலடெல்பியாவுக்குக் கொண்டுவந்தபோது அதில் இருந்தவை 4 பீரங்கிகள். அப்போதைய தலைநகரான அங்கேயே, அரசின் கண்ணெதிரே, அவை 14 ஆயின. பெயரும் 'பெட்டிட் டெமாக்ராட்' என்று மாறியது. அந்நகரிலிருந்து கடலுக்குப் போகும் ஆற்றுவழியில் இருந்த மட் தீவில் பீரங்கி நிறுத்தித் தடுக்கலாமா என்று அமைச்சர்கள் மோதிக்கொண்டிருக்க, ஜூலையில் அது கடலுக்கு நழுவியது. அதே மாதம், பிரெஞ்சு பிரைவேட்டியரில் வேலை பார்த்த அமெரிக்க மாலுமி கிடியன் ஹென்ஃபீல்டை ஜூரி விடுதலை செய்தது.

கட்டுரை தொடாத ஆவணம் இதற்குப் பிறகு வந்தது: ஆகஸ்ட் 4 அன்று நிதியமைச்சர் ஹாமில்டன் சுங்க அதிகாரிகளுக்கு அனுப்பிய சுற்றறிக்கை. துறைமுகத்தில் நிற்கும் கப்பல்களைக் கவனி. வணிகத்துக்கும் போருக்கும் பொதுவான சாமானைப் பெரும்பாலும் விடு. போருக்கே உரியதைத் தடு. மீறல் கண்டால் ஆளுநருக்கும் அரசு வழக்கறிஞருக்கும் உடனே எழுது. பாயும் கயிறும் எந்தக் கப்பலுக்கும் வேண்டும், பீரங்கி அப்படியல்ல. ஒரு சுங்க அதிகாரி துறைமேடையில் நின்றே சரிபார்க்கக்கூடிய அளவுகோல் இது. நவம்பரில் கடல் எல்லையும் கரையிலிருந்து 3 கடல் மைல் என்று தற்காலிகமாக வகுக்கப்பட்டது.

சட்டம் 1794 ஜூன் 5 அன்றுதான் வந்தது. அமெரிக்கத் துறைமுகத்தில் அந்நியப் போருக்குக் கப்பலை ஆயுதம் பூட்டித் தயார்செய்தால் 3 ஆண்டு வரை சிறை, 5,000 டாலர் வரை அபராதம், கப்பல் பறிமுதல். வந்து நிற்கும் போர்க்கப்பலில் பீரங்கியின் எண்ணிக்கையைக் கூட்டினாலும் குற்றம். பறிமுதல் தொகையில் பாதி துப்புக் கொடுத்தவருக்கு. கடற்படை இல்லாத அரசு வேறு யாரை நம்பும்?

தொடரின் அடுத்த பகுதியில் 1794 பிப்ரவரியில் வந்த 'பெட்ஸி' கப்பல் வழக்கின் தீர்ப்பையும் கட்டுரையாளர் சேர்க்க வேண்டும். அமெரிக்க மண்ணில் பிரெஞ்சுத் துணைத்தூதர்கள் நீதிமன்றம் நடத்தி, பிடித்த கப்பல்களுக்குத் தீர்ப்பு எழுதிவந்ததற்கு உச்ச நீதிமன்றம் அதில்தான் முற்றுப்புள்ளி வைத்தது.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
தூத்துக்குடி