கிளை நூலகத்தில் அமானுஷ்ய நம்பிக்கைகள் குறித்த மாதக் கூட்டத்தையும் பொதுச் சோதனைகளையும் மீண்டும் நடத்த அனுமதி கோரும் மனு

அனுப்புநர்:
வாசகர் வட்டத் தலைவர் மற்றும் உறுப்பினர்கள்,
கிளை நூலகம்,
கோபிசெட்டிபாளையம் வட்டம்,
ஈரோடு மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட நூலக அலுவலர் அவர்கள்,
ஈரோடு.

பொருள்: நூலகக் கூடத்தில் மாதம் ஒருமுறை கூட்டம் நடத்தவும், நூலகத்தை ஒட்டிய காலி இடத்தில் நீரோட்டச் சோதனை நடத்தவும் எழுத்து மூலமான அனுமதி கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். பேய், முனி நடமாட்டம், செய்வினை, ஆவி அழைத்தல், உள்ளங்கையில் தேங்காய் வைத்து நிலத்தடி நீரோட்டம் பார்த்தல் போன்றவற்றைப் பற்றி ஊரார் தாம் கண்டதையும் கேட்டதையும் கூச்சமின்றிச் சொல்லவும், அவற்றுள் சோதித்துப் பார்க்கத் தக்கவற்றை எல்லோர் முன்னிலையிலும் சோதித்துப் பார்க்கவும், எங்கள் வாசகர் வட்டம் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை கூடிவந்தது. ஐந்து மாதங்களாக அக்கூட்டம் நடைபெறவில்லை. கையெழுத்தில்லாத இரண்டு கடிதங்கள் நூலகருக்கு வந்ததே காரணம். நூலகத்துக்குள் ஆவியை வரவழைக்கிறார்கள் என்றது ஒரு கடிதம். ஊர்ச் சாமியை இழிவுபடுத்துகிறார்கள் என்றது மற்றொன்று. இரண்டும் ஒரே நாள் கூட்டத்தைப் பற்றியவை. எழுத்து மூலமான அனுமதி கையில் இல்லாத நிலையில் கூட்டத்தைத் தள்ளிவைக்கும்படி நூலகர் கேட்டுக்கொண்டதில் எங்களுக்கு வருத்தமில்லை. அவருடைய இடத்தில் யார் இருந்தாலும் அதையே செய்திருப்பார்கள். ஆகவே அந்த அனுமதியைத் தங்களிடமே நேரடியாகக் கேட்பதென்று முடிவு செய்தோம்.

அன்றைய கூட்டத்தில் நடந்தது என்னவென்று முதலில் தெரிவித்துவிடுகிறோம். விடுதியில் தங்கிப் படிக்கும் தம் மகள், தோழியருடன் சேர்ந்து எழுத்துகள் வரைந்த அட்டையின் மேல் நாணயம் வைத்து ஆவியிடம் கேள்வி கேட்டதாகவும், அதன் பிறகு பல நாட்கள் இரவில் உறங்கவில்லை என்றும் ஒரு தாய் எங்களிடம் சொன்னார். அதற்காகவே அந்தக் கூட்டம் கூட்டப்பட்டது. பெரியவர்கள் நால்வர் நாணயத்தின் மேல் விரல் வைத்தார்கள். கண்கள் திறந்திருந்தபோது நாணயம் நகர்ந்து ஒரு பெயரை எழுத்துக் கூட்டிக் காட்டியது. நால்வருமே தாம் தள்ளவில்லை என்று உறுதியாகச் சொன்னார்கள், அவர்கள் பொய் சொல்லவும் இல்லை. பிறகு அவர்களுடைய கண்களைக் கட்டிவிட்டு, அட்டையைச் சத்தமின்றிப் பாதி வட்டம் திருப்பி வைத்தோம். நாணயம் அப்போதும் தயங்காமல்தான் நகர்ந்தது. ஆனால் எழுத்துகள் முன்பு இருந்த இடங்களுக்கே சென்றது. ஆவிக்கு எழுத்து தெரியுமானால் அட்டையைத் திருப்பினாலும் தெரிந்திருக்க வேண்டுமே என்று முதலில் கேட்டது, தாயுடன் வந்திருந்த அந்தப் பிள்ளைதான். இங்கிலாந்தில் மேசை தானாகச் சுழல்வதாக ஊரெல்லாம் பேசப்பட்ட 1853-ஆம் ஆண்டில், மைக்கேல் ஃபாரடே என்ற அறிவியலாளர் கைகளுக்கும் மேசைக்கும் இடையே நழுவக்கூடிய அட்டைகளை அடுக்கி, மேசை நகர்வதற்கு முன்பே கைகள் நகர்ந்துவிடுவதையும், அது கைக்கு உரியவருக்கே தெரியாமல் நிகழ்வதையும் காட்டியதை அன்று வாசித்துக் காட்டினோம். ஆவி எதையும் அழைக்கவில்லை. எந்தச் சாமியின் பெயரையும் எடுக்கவில்லை.

இனி, நாங்கள் அனுமதி கேட்பதற்கு முக்கியக் காரணமான நீரோட்டச் சோதனையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கீழ்பவானி வாய்க்காலின் பாசனம் எட்டாத மேட்டாங்காடுகளில் போர்வெல்லை விட்டால் வேறு வழியில்லை என்பது தாங்கள் அறிந்ததே. எங்கள் பகுதி கடினப் பாறை நிலம். தண்ணீர் பாறை வெடிப்புகளில்தான் நிற்கிறது. அதனால் ஒரு குழியில் தண்ணீர் பீறிட, சில அடி தள்ளிப் போட்டதில் தண்ணீரின்றி வெறும் புகை (பாறைத் தூசி) மட்டும் வருவதும் உண்டு. திருச்செங்கோட்டு ரிக் வண்டியை வரவழைக்கும் முன் தேங்காய் பிடிப்பவரையோ வேப்பங்கவை (கவட்டையான வேப்பங்குச்சி) பிடிப்பவரையோ அழைத்து இடம் குறிக்காத குடும்பங்கள் குறைவு. அவர் காட்டிய இடத்தை நம்பி ஆயிரம் அடி வரை துளைத்துக் கடனில் விழுந்தவர்களும், அவரால்தான் தோட்டம் பிழைத்தது என்பவர்களும் எங்கள் வட்டத்திலேயே அருகருகே அமர்ந்திருக்கிறார்கள்.

அப்படி இடம் குறிப்பவர் ஒருவரும் எங்கள் உறுப்பினர்தான். முப்பது ஆண்டுகளாக அத்தொழிலில் இருப்பவர். தம் சொந்தக் காட்டில் தாமே குறித்த இரண்டு இடங்களும் புகைந்து போனபின், இது உண்மையா என்று எனக்கே தெரிந்தாக வேண்டும் என்று அவராகவே கேட்டுக்கொண்டார். மூடிய டிரம்களுள் எதில் தண்ணீர் இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் சோதனையை நாங்கள் முன்வைத்தபோது, கையில் படுத்திருக்கும் தேங்காய், தேங்கி நிற்கும் நீருக்கு எழாது, ஓடும் நீருக்கே எழும் என்று மறுத்தார். அது நியாயமான மறுப்பு என்றே எங்களுக்குப் பட்டது. ஆகவே, பத்துக் குழாய்களை ஐந்தடி இடைவெளியில் ஓரடி ஆழத்தில் புதைத்து, ஒவ்வொரு சுற்றிலும் சீட்டுக் குலுக்கி எடுத்த ஒரு குழாயில் மட்டும் தண்ணீரை ஓடவிட்டு, அது எதுவென்று அவர் சொல்வதாகத் திட்டத்தை மாற்றினோம். வால்வைத் திறப்பவர் சுவருக்கு அப்பால் இருப்பார். இடம் குறிப்பவருடன் நடந்துசெல்பவருக்கு எந்தக் குழாய் என்பது தெரியாது. ஓடும் தண்ணீர் தொட்டிக்கே திரும்பிவிடும். சோதனைக்கு முன்பு, ஓடும் குழாய் எதுவென்று சொல்லிவிட்டு அதன் மேல் அவரை நடக்கவிட்டு, தேங்காய் எழுகிறதா என்று அவர் மனம் நிறையும்வரை பார்த்துக்கொள்ளவும் இடமளிப்போம். குழாய் பதிக்க மண்ணைத் தோண்ட வேண்டியிருப்பதால்தான் காலி இடத்துக்குத் தனியே அனுமதி கேட்கிறோம்.

பத்துச் சுற்றுகளில் குருட்டாம்போக்கில் சொன்னாலும் சராசரியாக ஒன்று சரியாகிவிடும். ஐந்தோ அதற்கு மேலோ அப்படித் தற்செயலாக அமைவது ஆயிரத்தில் இரண்டு தடவைக்கும் குறைவு. எனவே ஐந்து என்பதை எல்லையாக வைத்து, சோதனைக்கு முன்பே இரு தரப்பும் கையெழுத்திட்டிருக்கிறோம். இதை இவ்வளவு வலியுறுத்தக் காரணம் உண்டு. ஜெர்மனியில் மியூனிக் அருகே 1987–88-இல் ஒரு களஞ்சியத்தின் கீழ்த்தளத்தில் நீர்க்குழாயை இடம் மாற்றி மாற்றி வைத்து, மேல்தளத்தில் நீரோட்டம் பார்ப்பவர்களை நடக்கவிட்டுச் சோதித்தார்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட 43 பேர் 843 முறை முயன்றார்கள். நடத்தியவர்கள் சிலருக்கு மெய்யாகவே திறன் இருப்பதாக முடிவு கட்டினார்கள். அதே கணக்குகளை மீண்டும் ஆராய்ந்த ஜிம் என்ரைட் என்ற அமெரிக்க விஞ்ஞானி, அது தற்செயலைத் தாண்டவில்லை என்று 1999-இல் எழுதினார். எதை வெற்றி என்பது என்று முன்னரே பேசி முடிக்காவிட்டால் எங்கள் ஊரிலும் அதே வழக்குதான் ஓடிக்கொண்டிருக்கும்.

இலங்கையில் பகுத்தறிவாளர் டாக்டர் ஆபிரகாம் கோவூர், மோசடிக்கு இடமில்லாத சூழலில் அமானுஷ்ய ஆற்றலைக் காட்டுபவருக்கு ஒரு லட்சம் ரூபாய் தருவதாக 1963-இல் அறிவித்தார். 1978-இல் அவர் மறையும்வரை யாரும் அதைப் பெறவில்லை. அவர்மீது எங்களில் பலருக்கு மதிப்புண்டு. ஆயினும் நாங்கள் பந்தயம் கட்டவில்லை. பந்தயத்தில் தோற்றவர் மறு வாரம் நூலகப் படியேற மாட்டார். எங்களுக்கு அவரும் வாசகர்.

பண்ணாரி, பாரியூர் அம்மன் கோயில்கள் அருகிலிருப்பதால், அங்கு குண்டம் இறங்குவதையும் (தீ மிதிப்பதையும்) ஆராயலாமே என்று இளைஞர்கள் சிலர் கேட்டார்கள். விரதமிருந்து இறங்குபவர் யாரிடமும் எதையும் நிரூபிக்க வரவில்லை என்று கூறி அதை மறுத்துவிட்டோம். கோயில் வழிபாடு, சாமி வாக்கு, பூ கேட்டல் ஆகியவை கூட்டத்தின் பொருளாக இரா. பேய் பிடித்ததாகக் கூறப்படும் எவரையும் கூட்டத்தில் நிறுத்தவோ, மந்திரிக்கவோ, மருந்து சொல்லவோ மாட்டோம். 2001 ஆகஸ்ட் 6-இல் ஏர்வாடியில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் மாண்டதை நினைவில் வைத்திருப்பவர்கள் நாங்கள். அத்தகைய குடும்பம் எங்களிடம் வந்தால் அரசு மருத்துவமனையின் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்வதைத் தவிர வேறெதுவும் செய்ய மாட்டோம். உறக்கத்தில் அமுக்குவான் பேய் நெஞ்சின் மேல் அமர்வதாகச் சொல்பவர்கள் மிகுதி என்பதால், கனவுறக்கத்தில் தசைகள் செயலற்றிருக்கும்போதே விழிப்பு வந்துவிடுவதால் நேரும் அந்நிலையை விளக்க ஓர் அரசு மருத்துவரை அழைக்கவும் எண்ணியிருக்கிறோம்.

இதற்கு நூலகம்தானா இடம் என்று கேட்கப்படலாம். கோயில் மண்டபத்தில் வைத்தால் ஐயப்படுபவர் வாய் திறக்க மாட்டார். கட்சி மன்றத்தில் வைத்தால் நம்புபவர் உள்ளே வர மாட்டார். கூட்டம் நின்ற பின்பு இதே பேச்சு டீக்கடையில் நடக்கிறது. அங்கே யாரும் எதையும் எழுதி வைப்பதில்லை. 1948-ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டத்தின்படி, வீட்டு வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரியாகச் செலுத்துபவர்களில் இரு சாராரும் உண்டு. அறிவியல் மனப்பான்மையையும் ஆராயும் உணர்வையும் வளர்ப்பது குடிமக்களின் கடமை என்று அரசியலமைப்பின் 51ஏ பிரிவும் கூறுகிறது.

எனவே, மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை மாலை 3 மணி முதல் 5 மணி வரை, வாசிப்போருக்கு இடையூறின்றி நூலகக் கூடத்தைப் பயன்படுத்தவும், காலி இடத்தில் குழாய் பதித்து ஒரு நாள் சோதனை நடத்தி மண்ணைப் பழையபடி மூடித் தரவும் எழுத்து மூலம் அனுமதி வழங்குமாறு பணிவுடன் வேண்டுகிறோம். குழாய்ச் செலவு வாசகர் வட்டத்தைச் சேர்ந்தது. சோதனை நாளன்று பார்வையாளராகத் தங்கள் அலுவலகத்திலிருந்து ஒருவரையும், இயலுமானால் நிலத்தடி நீர் ஆய்வில் பழகிய பொறியாளர் ஒருவரையும் அனுப்பி உதவினால் நன்றியுடையவர்களாவோம். முடிவு எதுவாயினும் அதை ஒரு பக்கத்தில் எழுதி, தங்களுக்கு ஒரு படியும் நூலகப் பலகைக்கு ஒரு படியும் தருவோம். வெயில் ஏறிவிட்டால் ரிக் வண்டிகள் ஊருக்குள் வரத் தொடங்கிவிடும் என்பதால், தை முடிவதற்குள் உத்தரவு கிடைத்தால் பயனுள்ளதாக இருக்கும்.

இப்படிக்கு,
வாசகர் வட்டத் தலைவர் மற்றும் உறுப்பினர்கள்

இடம்: கோபிசெட்டிபாளையம்
நாள்:

இணைப்பு:
இரு தரப்பும் கையெழுத்திட்ட சோதனை விதிகள் – 1 தாள்
குழாய் பதிக்கும் இடத்தின் கைவரைபடம் – 1 தாள்